நிறுத்திய பிறகும் நிற்காத வெப்பம்

அணுமின் நிலையம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஆபத்து என்று தெரிந்தவுடன் உலையை நிறுத்திவிட வேண்டியதுதானே? அனல்மின் நிலையத்தில் நிலக்கரி போடாவிட்டால் நெருப்பு அடங்கிவிடுகிறது. அணையில் மதகை மூடினால் டர்பைன் நின்றுவிடுகிறது. அணு உலைக்கு மட்டும் என்ன வந்தது?

நியாயமான கேள்விதான். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் உலைகளை நிறுத்தவும் செய்தார்கள். பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் அதிர்ந்தது. அதிர்வை உணர்ந்த கருவிகள் மனிதக் கை படாமலேயே வேலையைத் தொடங்கின. அப்போது ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளுக்குள்ளும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் பாய்ந்தன. சில நொடிகளில் அணுப்பிளவு நின்றது. வடிவமைத்தவர்கள் எழுதி வைத்திருந்தபடியே எல்லாம் நடந்தது.

ஆனாலும் அடுத்த சில நாட்களில் அந்த மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது. மூன்று கட்டடங்கள் வெடித்தன. அவற்றில் ஒன்று, அன்று ஓடாமலே இருந்த நான்காம் உலையின் கட்டடம். அந்த நிலையத்தை மூடும் வேலை இன்னும் முடியவில்லை. 2051 வரை ஆகலாம் என்பது அரசின் திட்டம்.

நிறுத்திய உலை ஏன் உருகியது, உருகியதை அள்ளி அப்புறப்படுத்த ஏன் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே.

பிளவுக்குப் பின் மிஞ்சுவது

யுரேனிய அணுக்கரு ஒன்று பிளக்கும்போது இரண்டு துண்டுகளாகிறது. கூடவே நியூட்ரான்களும் வெளிவருகின்றன. அந்த நியூட்ரான்கள் அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. கட்டுப்பாட்டுத் தண்டுகள் நியூட்ரான்களை விழுங்கிவிடுவதால் இந்தத் தொடர் அறுபடுகிறது. உலையை நிறுத்துவது என்றால் இவ்வளவுதான்.

பிளந்த துண்டுகளோ அங்கேயே கிடக்கின்றன. அயோடின், சீசியம், ஸ்ட்ரான்ஷியம் என்று நூற்றுக்கணக்கான வகை அணுக்கள் அவை, பெரும்பாலானவை நிலையற்றவை. ஒவ்வொன்றும் கதிர்வீச்சை உமிழ்ந்து வேறோர் அணுவாக மாறி, படிப்படியாக நிலைபெறும். அப்படி உமிழும் கதிர் சுற்றியுள்ள எரிபொருளில் மோதி வெப்பமாகிறது. இதைச் சிதைவு வெப்பம் என்று சொல்வோம்.

சில துண்டுகளுக்கு நொடிகளே ஆயுள். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைகிறது. சீசியம்-137 பாதியாக 30 ஆண்டுகள் வேண்டும். இந்தக் கணக்கை மனிதனால் மாற்ற முடியாது. குளிரவைத்தாலும், அழுத்தினாலும், தண்டுகளை எத்தனை முறை செருகினாலும் சிதைவு தன் வேகத்தில்தான் நடக்கும். அதற்கு ஸ்விட்ச் கிடையாது. வெளிவரும் வெப்பத்தை இடைவிடாமல் எடுத்துச் செல்ல மட்டுமே நம்மால் முடியும்.

எத்தனை லாரித் தண்ணீர்?

எவ்வளவு வெப்பம் என்று புகுஷிமாவின் முதலாம் உலையை வைத்தே கணக்கிட்டுப் பார்ப்போம். அங்கே இருந்தவற்றில் அதுதான் சிறியது, 460 மெகாவாட் மின்சாரம் தந்தது. அந்த மின்சாரத்துக்காக உலைக்குள் உண்டாக வேண்டிய வெப்பம் அதைப்போல் மூன்று மடங்கு, 1,380 மெகாவாட். மீதி கடலுக்குப் போய்விடும்.

தண்டுகள் உள்ளே போன கணத்தில் சிதைவு வெப்பம் முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம். கேட்கச் சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனால் 1,380-இல் அது 90 மெகாவாட்டைத் தொடுகிறது. நல்ல வேளையாக ஆயுள் குறைந்த துண்டுகள் விரைவாகத் தீர்ந்துவிடுகின்றன. ஒரு மணி நேரம் கழிந்தால் சுமார் ஒன்றரை சதவீதம், அதாவது 20 மெகாவாட் அளவு.

20 மெகாவாட் வெப்பம் என்ன செய்யும்? கொதிநிலையில் இருக்கும் தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 9 லிட்டரை ஆவியாக்கும். மணிக்கு 32 டன். சென்னைத் தெருக்களில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஓடுகின்றனவே, அதில் கிட்டத்தட்ட மூன்று லாரி. ஒவ்வொரு மணி நேரமும் மூன்று லாரித் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தால்தான் எரிபொருள் மூழ்கியிருக்கும். இது திறந்த பாத்திரத்துக்கான கணக்கு. உலைக்குள் அழுத்தம் மிக அதிகம். அந்த நிலையில் நீரை ஆவியாக்க இதைவிடக் குறைந்த வெப்பமே போதும் என்பதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே ஆவியாகும்.

ஒரு நாள் கழித்து வெப்பம் 8 மெகாவாட் அளவுக்கு இறங்குகிறது. மணிக்கு ஒரு லாரி. ஒரு மாதம் போனால் 2 மெகாவாட். நான்கு மணி நேரத்துக்கு ஒரு லாரி போதும். ஓராண்டு முடிந்தால் அரை மெகாவாட்டுக்கும் கீழே வந்துவிடும். நாளுக்கு ஒன்றிரண்டு லாரி. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு சில பத்துக் கிலோவாட்தான். 2019-இல் இரண்டாம் உலைக்கு நீர் விடுவதைச் சில மணி நேரம் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். வெப்பநிலை மெல்லத்தான் ஏறியது.

இந்த இறங்குமுகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முதல் சில மணி நேரங்களிலும் முதல் சில நாட்களிலும்தான் தீர்மானமாகிறது. உலை நின்றவுடன்தான் அதற்குத் தண்ணீர் மிக அவசரமாகத் தேவை. பேரிடர் மின்சாரத்தை அறுத்துப்போடுவதும் அதே நேரத்தில்தான்.

அலை வந்த பிறகு

நிலநடுக்கம் வெளியிலிருந்து வந்த மின்கம்பிகளைச் சாய்த்தது. உடனே டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, குளிர்விப்பு தொடர்ந்தது. சுமார் ஐம்பது நிமிடம் கழித்துக் கடல் வந்தது. 5.7 மீட்டர் அலைக்கு என்று கணக்கிட்டிருந்த இடத்தில் நீர் 14, 15 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை டர்பைன் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. அவை மூழ்கின. மின்பகிர்வுப் பலகைகளும் மூழ்கின. முதலாம், இரண்டாம் உலைகளில் பேட்டரியும் போயிற்று. கட்டுப்பாட்டு அறை இருண்டது. உலைக்குள் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு முள்கூட அசையவில்லை. ஊழியர்கள் நிலையத்தில் நின்ற கார்களின் பேட்டரிகளைக் கழற்றி வந்து இணைத்து அளவுமானிகளைப் படித்தார்கள்.

முதலாம் உலைக்கு மட்டும் பம்பு இல்லாமலே நீராவியைக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் ஓர் அமைப்பு இருந்தது. மின்சாரம் போனதும் அதன் வால்வுகள் மூடிக்கொண்டன. அது ஓடுகிறதா நிற்கிறதா என்பதே உள்ளே இருந்தவர்களுக்குப் பல மணி நேரம் தெளிவாகவில்லை.

நம் கணக்கு சொன்னபடியே நடந்தது. நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் அந்த ஆண்டு மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, உலை நின்று சுமார் மூன்று மணி நேரத்தில் நீர்மட்டம் எரிபொருளின் உச்சிக்கு இறங்கிவிட்டது. அதற்கு ஒரு மணி நேரம் கழித்து எரிபொருள் சேதமாகத் தொடங்கியது. மறுநாள் காலைக்குள் பெரும்பகுதி உருகி, எரிபொருளைத் தாங்கும் எஃகுக் கலனின் அடியில் விழுந்துவிட்டது.

நீருக்கு வெளியே தலைநீட்டிய எரிபொருள் கோல்களின் உறை ஜிர்கோனியம் என்ற உலோகத்தால் ஆனது. 1,200 டிகிரியைத் தாண்டினால் அது நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. மிஞ்சும் ஹைட்ரஜன் கட்டடத்தின் மேல்தளத்தில் சேர்கிறது. 12-ஆம் தேதி பிற்பகல் 3.36-க்கு முதலாம் உலைக் கட்டடத்தை வெடிக்க வைத்தது அந்த வாயுதான். அணுகுண்டு போல வெடித்தது என்று அப்போது சிலர் எழுதியது தவறு. அணுப்பிளவு முந்தைய நாளே நின்றுவிட்டது.

அன்று இரவு தீயணைப்பு வண்டிகளால் கடல்நீரைச் செலுத்தினார்கள். நிறுத்தச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து சொல் வந்தபோது நிலைய மேலாளர் மசாவோ யோஷிதா அதைக் கேட்டுக்கொண்டதாகக் காட்டிவிட்டு, நீரைத் தொடர்ந்து விடச் செய்தார். சரியான முடிவு அது. பிற்பாடு தெரிந்த செய்தி வேதனையானது: தீயணைப்பு வண்டிகள் பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி வேறு குழாய்கள் வழியாகப் பிரிந்து, உலைக்குள் போகாமலே வீணானது.

அதே அலை, வேறு முடிவு

அந்த வளாகத்திலேயே ஐந்தாம், ஆறாம் உலைகள் சற்று உயரமான நிலத்தில் இருந்தன. ஆறாம் உலைக்கான ஜெனரேட்டர்களில் ஒன்று காற்றால் குளிரும் வகை. கடல்நீர்ப் பம்பு இல்லாமலே ஓடக்கூடியது. அது ஒன்று பிழைத்தது. அதன் மின்சாரத்தை இரண்டு உலைகளும் பகிர்ந்துகொண்டன. மார்ச் 20-ஆம் தேதி இரண்டும் பாதுகாப்பாகக் குளிர்ந்தன.

தெற்கே 12 கிலோமீட்டர் தள்ளி புகுஷிமா டைனி என்ற இன்னொரு நிலையம். அங்கே நான்கு உலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. அலை அங்கேயும் கடலோரப் பம்புகளை முடக்கியது. ஆனால் வெளியிலிருந்து வந்த மின்கம்பி ஒன்று தப்பியிருந்தது. நவோஹிரோ மசூதாவின் தலைமையில் ஊழியர்கள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கனத்த கேபிளைத் தோளில் தூக்கிச் சென்று பம்புகளுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். நான்கு நாளில் எல்லா உலைகளும் அடங்கின. பெயர்கூடக் கேள்விப்படாத நிலையமாக டைனி இருப்பதற்கு அந்தக் கேபிள்தான் காரணம்.

எனவே புகுஷிமாவை இயற்கையின் சீற்றம் என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 15.7 மீட்டர் அலை வரலாம் என்று 2008-லேயே டெப்கோவுக்குள் ஒரு கணக்கு போடப்பட்டிருந்தது. ஜெனரேட்டரை மேட்டுக்கு மாற்ற மூன்று ஆண்டுகள் இருந்தன. ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012-இல் இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே தீர்ப்புச் சொன்னது.

உருகியதைத் தேடுதல்

2011 டிசம்பர் 16 அன்று உலைகள் நிலையாகக் குளிர்ந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அதன் பிறகு தொடங்கிய வேலையைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்துக்குப் போய்வர வேண்டும்.

1979 மார்ச் 28 விடியற்காலை நான்கு மணி. அங்கே இரண்டாம் உலையில் அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று திரும்ப மூடவில்லை. உள்ளே நீர் நிரம்பி வழிகிறது என்று தவறாகப் புரிந்துகொண்ட இயக்குநர்கள் அவசர நீரைக் குறைத்தார்கள். எரிபொருளில் பாதி உருகியது. அங்கேயும் அணுப்பிளவு முதலிலேயே நின்றிருந்தது. உருக்கியது சிதைவு வெப்பம்தான்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று கேமரா இறக்கிப் பார்க்கவே 1982 ஜூலை ஆனது. அதுவரை சேதம் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று நம்பிய பொறியாளர்கள் பலர் உண்டு. எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா வெற்றிடத்தைக் காட்டியது. 1984-இல் கலனின் மூடியைத் தூக்கினார்கள். நீருக்கு மேலே ஒரு மேடை அமைத்து, அதில் நின்றபடி மிக நீண்ட கைப்பிடிக் கருவிகளால் சிதிலத்தை அள்ளினார்கள். கெட்டியாக இறுகிய அடுக்கைச் சுரங்கத்தில் பயன்படும் துளையிடும் எந்திரத்தால் உடைத்தார்கள். நடுவில் யாரும் எதிர்பாராத ஒன்று குறுக்கிட்டது. அந்தக் கதிரியக்க நீரிலும் நுண்ணுயிர்கள் பெருகி நீரைக் கலக்கிவிட்டன. அடியில் கருவி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அவற்றைக் கொன்ற பிறகுதான் வேலை நகர்ந்தது. 1990-இல் அள்ளி முடித்தார்கள். தேங்கிய நீரை ஆவியாக்கி முடிக்க 1993 ஆயிற்று. மொத்தச் செலவு சுமார் 100 கோடி டாலர். எரிபொருளில் சுமார் ஒரு சதவீதம் இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் அங்கே கலன் உடையவில்லை. உருகியது எல்லாம் தடித்த எஃகுச் சுவருக்குள், நீருக்கு அடியில் கிடந்தது. நீரே கதிர்வீச்சைத் தடுத்து மேலே நின்றவர்களைக் காத்தது.

புகுஷிமாவில் மூன்று கலன்களின் அடியும் துளைபட்டது. உருகிய யுரேனியம் எஃகையும் கருவிக் குழாய்களையும் கரைத்துக்கொண்டு கீழே கான்கிரீட் தரையில் கொட்டியது. மூன்று உலைகளிலும் சேர்த்து 880 டன் சிதிலம் என்பது மதிப்பீடு. எல்லாம் கலந்து இறுகிய அந்தப் பொருள் எங்கே எப்படிக் கிடக்கிறது என்பதே பெரிய ஆராய்ச்சி. 2015-இல் அனுப்பிய ரோபோ சில மணி நேரத்தில் நின்றுபோனது. 2017-இல் இன்னொன்று சிக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் ஒரு சிறு நீர்மூழ்கி ரோபோ மூன்றாம் உலையில் உருகி உறைந்த குவியல்களைப் படம்பிடித்தது.

முதல் துகளை எடுக்க 2024 ஆகஸ்டில் முயன்றார்கள். உள்ளே தள்ள வேண்டிய குழாய்களை வரிசை மாற்றி அடுக்கியிருந்ததால் அன்றைக்கு நிறுத்தினார்கள். செப்டம்பரில் கேமரா கெட்டது. நவம்பரில் ஒரு துகள் வெளியே வந்தது, ஒரு கிராமுக்கும் குறைவு. 2025 ஏப்ரலில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தும் ஒரு கிராம் இல்லை. சிதிலத்தை முழுவீச்சில் அள்ளுவது 2037-க்கு முன் தொடங்காது என்று டெப்கோ 2025 ஜூலையில் அறிவித்தது. அப்படியிருக்க 2051-க்குள் முடியும் என்ற திட்டத்தை நான் நம்பவில்லை.

சாதனையே இல்லை என்றும் சொல்லக்கூடாது. நான்காம் உலையின் எரிபொருள் சேமிப்புக் குளத்தில் இருந்த 1,535 எரிபொருள் கட்டுகளையும் 2014 முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். வடிவம் குலையாமல் இருக்கும் எரிபொருளைக் கையாளத் தெரியும். உருகியதைக் கையாளத்தான் கருவிகளையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

குளிர்வித்த தண்ணீர் எங்கே போகும்?

சிதிலத்தைத் தொட்ட தண்ணீர் கதிரியக்கம் ஏறி வெளியே வருகிறது. போதாததற்கு மலைப்பக்கமிருந்து நிலத்தடி நீர் ஓட்டைக் கட்டடங்களுக்குள் புகுந்தது. 2013 வாக்கில் நாளுக்கு 400 டன். கட்டடங்களைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் ஆழம் வரை மண்ணையே உறையவைத்துச் சுவராக்கினார்கள். கிணறுகள் தோண்டி நீரை முன்னதாகவே இறைத்தார்கள். வரத்து நாளுக்கு 100 டன்னுக்குக் கீழே இறங்கியது. அதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் 13 லட்சம் டன் நீர் சேர்ந்துவிட்டது.

வடிகட்டும் ஆலை சீசியம், ஸ்ட்ரான்ஷியம் போன்றவற்றைப் பிரித்துவிடுகிறது. ஆனால் டிரிட்டியத்தைப் பிரிக்க முடியவில்லை. அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம், நீர் மூலக்கூறின் உள்ளேயே அமர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 24 முதல் இந்த நீரைக் கடல்நீரோடு கலந்து, லிட்டருக்கு 1,500 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குக் கீழே நீர்க்கச் செய்து, கடலடிச் சுரங்கம் வழியாக விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 10,000. அறிவியல் கணக்கில் இது சிறிய ஆபத்து என்றே நான் கருதுகிறேன். மீனவர்களின் கோபத்துக்கு வேறு காரணம் உண்டு. சம்பந்தப்பட்டவர்களின் புரிதல் இல்லாமல் நீரை அகற்ற மாட்டோம் என்று 2015-இல் அரசும் டெப்கோவும் அவர்களுக்கு எழுத்தில் வாக்களித்திருந்தன. பெக்கரல் கணக்கைக் காட்டி அந்த வாக்கை ஈடுசெய்ய முடியாது.

வீட்டை விட்டுப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கடுங்கதிர்வீச்சு நோயால் அங்கே யாரும் இறக்கவில்லை. ஆனால் இடம்பெயர்ந்த அலைச்சலாலும் மருத்துவம் தடைப்பட்டதாலும் மனம் உடைந்ததாலும் புகுஷிமா மாகாணத்தில் 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள்.

கல்பாக்கத்தில் ஒரு காலை

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கம் நிலையத்தின் பம்பு அறைக்குள்ளும் புகுந்தது. ஊழியர் குடியிருப்பிலும் சுற்றுக் கிராமங்களிலும் உயிர்கள் போயின. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை இயக்குநர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அங்கே மின்சாரம் அறுபடவில்லை. சிதைவு வெப்பத்தை எடுத்துச் செல்லப் பம்புகள் இருந்தன. சில நாட்களில் உலை மீண்டும் ஓடியது. கூடங்குளத்தில் ஒரு படி மேலே போய், மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றின் இயல்பான ஓட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பை வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

அணுமின் நிலையத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் கதிர்வீச்சைப் பற்றியே வாதிடுகிறார்கள். உங்கள் ஊருக்கு அருகே உள்ள நிலையத்தைப் பற்றி அடுத்த முறை பொதுக்கூட்டம் நடந்தால் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதிலை எழுத்தில் கேளுங்கள். வெளியிலிருந்து மின்சாரமும் ஆட்களும் வர முடியாவிட்டால் எத்தனை நாள் உலையைக் குளிர்விக்க முடியும்? இந்தியாவில் அணு உலைகளைக் கலைக்கும் செலவுக்காக யூனிட்டுக்கு 2 பைசா வசூலிக்கிறார்கள்; அது வயதாகி முறையாக ஓய்வுபெறும் உலைக்கான கணக்கு. விபத்துக்குள்ளான உலையை மூட வேண்டி வந்தால் அந்தப் பணம் யாரிடமிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு வரும்?